நர்சிங் படிக்கும் முன் பெட்பேன்: ஒரு கம்யூனிட்டி காலேஜ் அனுபவம்

சியாட்டிலைச் சுற்றியுள்ள ஊர்களில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். "ஊரில் பி.எஸ்சி. முடித்தேன், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை, இங்கே மருத்துவத் துறையில் ஏதாவது படிக்கலாமா?" நான் ஒரு கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் அசிஸ்டண்ட் (நர்ஸுக்கு உதவியாக நோயாளியைக் கவனிப்பவர்) படிப்பு முடித்து, மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே நர்சிங்குக்கு முன்தேவையான பாடங்களையும் முடித்தவள். அதனால் கேட்பவரை என் பக்கம் திருப்பி விடுவார்கள். நான் எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: நர்சிங்குக்கான பாடங்களில் பணத்தையும் வருஷங்களையும் கொட்டுவதற்கு முன்னால், நர்சிங் அசிஸ்டண்ட் படிப்பை முடித்துவிடுங்கள். இந்தப் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. "பெட்பேன் எடுக்கிற வேலையா?" என்று முகம் மாறும். ஆமாம், படுக்கையில் இருக்கும் நோயாளியின் மலச்சட்டியை எடுக்கும் அந்த வேலையேதான்.

முதலில், இரண்டு வருடப் பட்டமும் தொழிற்படிப்பும் தரும் கம்யூனிட்டி காலேஜ் பற்றி இரண்டு வார்த்தை. நம்மவர்களிடம் அதற்கு மரியாதை கொஞ்சம் மட்டுதான். "அங்கே யார் வேண்டுமானாலும் சேரலாமே" என்பார்கள். யார் வேண்டுமானாலும் சேரத்தான் அதை நடத்துகிறார்கள். 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. 1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையம் இந்த வகைக் கல்லூரிகளை நாடு முழுக்கப் பெருக்கச் சொன்னது. எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் இன்று 34 கம்யூனிட்டி, டெக்னிக்கல் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செவிலியர் பற்றாக்குறை வந்தபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மொன்டாக் என்பவர் இரண்டு வருட நர்சிங் படிப்பு என்ற யோசனையை முன்வைத்தார். 1952இல் அதைச் சோதித்துப் பார்த்தது பெரும்பாலும் இந்த மாதிரிக் கல்லூரிகளில்தான். இன்றும் இரண்டு வருடப் பட்டம் வாங்கியவரும் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் முடித்தவரும் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வு, வாங்குவது ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம். சில பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்சி. கேட்கும், அது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

என் வகுப்பில் என் வயதுக்காரர்கள் சிலர், பதினேழு வயதுப் பிள்ளைகள் சிலர். இந்த மாநிலத்தில் ரன்னிங் ஸ்டார்ட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்விக் கட்டணம் இல்லாமல் கம்யூனிட்டி காலேஜில் வந்து படிக்கலாம். வீட்டில் இதே வயதில் பிள்ளை இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றபடி சோமாலியா, உக்ரைன், பிலிப்பைன்ஸ் என்று பல ஊர்ப் பெண்கள், கிடங்கு வேலையை விட்டுவிட்டு வந்த இரண்டு ஆண்கள். ஆங்கிலம் தடுமாறுபவர்களுக்கு ஐ-பெஸ்ட் என்ற ஏற்பாடு உண்டு. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள்: ஒருவர் தொழிலைச் சொல்லித்தருவார், இன்னொருவர் அதற்கு வேண்டிய ஆங்கிலத்தையும் கணக்கையும். இது வாஷிங்டனில் பிறந்த திட்டம், பிறகு வேறு மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. "இங்கிலீஷ் சரியாக வந்த பிறகு சேரலாம்" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடும் அக்காமார்கள் கல்லூரிக்குப் போய் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம்.

வகுப்பில் உட்காருவதற்கு முன்பே ஒரு காகித மலையைத் தாண்ட வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனை, பி.எல்.எஸ். என்கிற உயிர்காப்புப் பயிற்சி அட்டை, தடுப்பூசிச் சான்றுகள். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது தடுப்பூசியிலும் காசநோய்ச் சோதனையிலும்தான். சின்ன வயதில் போட்ட தட்டம்மை ஊசிக்கு அட்டை யாரிடம் இருக்கிறது? அம்மா பரணில் தேடி, கிடைக்கவில்லை என்று போனில் வருத்தப்பட்டதுதான் மிச்சம். தேடவே வேண்டியதில்லை. டைட்டர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தட்டம்மை, அம்மை, ஹெபடைடிஸ் பி இவற்றுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். அந்த அறிக்கை போதும். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளாதீர்கள். நம் தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறது, தோலில் போட்டால் நோய் இல்லாமலேயே வீங்க வாய்ப்பு உண்டு. அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று அலைச்சல், அதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். குவான்டிஃபெரான் மாதிரி ரத்தப் பரிசோதனை பி.சி.ஜி.யால் குழம்பாது. கிளினிக்கில் அதையே வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி போடாதவர்கள் உடனே தொடங்கிவிடுங்கள். வழக்கமான மூன்று ஊசி வரிசை முடிய ஆறு மாதம் ஆகும்.

பாடத்துக்கு வருகிறேன். 1987இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் நர்சிங் அசிஸ்டண்டுகளுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. எங்கள் மாநிலம் அதற்கு மேலும் கேட்கிறது. அப்படியும் ஒரு குவார்ட்டருக்குள், அதாவது பத்துப் பதினோரு வாரத்துக்குள், முடிந்துவிடும். குறைந்த செலவில், குறைந்த காலத்தில், ஒரு நோயாளியின் உடம்பை நிஜமாகத் தொட்டுப் பார்க்க வைக்கும் படிப்பு இது. என் வாதமே இதுதான்.

லேப் என்பது கட்டில், பொம்மை நோயாளி, கை கழுவும் தொட்டி, திரைச்சீலை எல்லாம் இருக்கும் ஓர் அறை. முதல் வாரம் முழுக்கக் கை கழுவினோம். கேலியாக இருக்கும். தேர்விலும் கை கழுவுதல் கட்டாயம் வரும், அதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். விரல் நுனி கீழ் நோக்கி இருக்க வேண்டும், சோப்பு நுரையோடு குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும், நகத்தடி, விரலிடுக்கு, மணிக்கட்டு எல்லாம். துடைத்த பின் காய்ந்த பேப்பர் டவலால் குழாயை மூட வேண்டும். கழுவிய கையால் குழாயைத் தொட்டுவிட்டால் போச்சு. தொட்டியின் உள்பக்கத்தில் விரல் பட்டாலும் முதலிலிருந்து. நம் வீட்டுச் சமையலறைப் பழக்கம் எல்லாம் இங்கே எதிரி.

நாடி பார்ப்பது ஒரு முழு நிமிடம். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது தேர்வில் செல்லாது. மூச்சை எண்ணும்போது நோயாளியிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். மணிக்கட்டை விடாமல் பிடித்தபடியே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். சட்டை போட்டுவிடும்போது பலவீனமான கைக்கு முதலில், கழற்றும்போது அதற்குக் கடைசியில். இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்து பழகச் சொன்னார் எங்கள் இன்ஸ்ட்ரக்டர். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். கதவைத் தட்டாமல் ஒருத்தி பொம்மையின் அறைக்குள் நுழைந்தபோது, "வெளியே போய்த் தட்டிவிட்டு வா. அது அவர் வீடு" என்றார். பொம்மைதானே என்று சிரித்தவர்கள் கிளினிக்கலில் அடங்கிவிட்டார்கள்.

கிளினிக்கல் என்பது முதியோர் இல்லத்தில் நேரடிப் பயிற்சி. காலை ஆறரைக்குச் சீருடையில் அங்கே நிற்க வேண்டும். எனக்குக் கொடுத்தது ஒரு பெரியவரை. விமானத் தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்தவர், பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. முதல் வேலை பல்செட்டைக் கழுவுவது. தொட்டியில் ஒரு துண்டை விரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதற்கு மேலே பிடித்துத்தான் கழுவ வேண்டும். கை நழுவினாலும் உடையாது. வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். அது வரைக்கும் சரி. அடுத்தது அவருடைய டயப்பரை மாற்றுவது. மனிதர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். பிறந்த வீட்டில் தாத்தாவுக்குக்கூட இதையெல்லாம் ஆண்கள்தான் பார்த்தார்கள், நாங்கள் கதவுக்கு வெளியே. இங்கே திரையை இழுத்து மூடி, போர்வையால் தேவையான இடம் தவிர மற்றதை மூடி, "இப்போது உங்களை என் பக்கம் திருப்பப் போகிறேன்" என்று சொல்லித் திருப்பினேன். நாற்றம் இருந்தது. என் கை வேலையில் இருந்ததால் நாற்றத்துக்குக் கொடுக்க மனதில் இடம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். முடித்துச் சட்டை மாட்டும்போது நான் வலது கையைத் தேட, அவர் "லெஃப்ட் ஃபர்ஸ்ட்" என்று சொல்லிச் சிரித்தார். எத்தனை மாணவர்களைப் பார்த்திருப்பாரோ.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி, நம் ஊர்ப் பெண், ஐ.டி.யில் டெஸ்டிங் வேலை பார்த்தவர், இரண்டாவது கிளினிக்கலோடு நின்றுவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அவர் தோற்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை. நர்சிங்கில் சேர்ந்து, பெரிய தொகை கட்டி, இரண்டாம் குவார்ட்டரில் இது தெரிந்திருந்தால்தான் நஷ்டம். அவர் அதே கல்லூரியில் மருத்துவப் பதிவேட்டு நிர்வாகம் படிக்கப் போனார், நன்றாகவே செய்தார்.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்பார்கள். மாமியார் போனில் "எம்.எஸ்சி. வரைக்கும் படிச்ச பொண்ணு, அங்க போய் கழுவித் துடைக்கணுமாம்மா?" என்றார். "அத்தை, நாளைக்கு உங்களுக்கு முடியலைன்னா யார் செய்வாங்க?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர்களிடம் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும்தான் சொல்லிவைத்திருக்கிறார். இருக்கட்டும்.

உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வு ஒன்று. ஒன்று நினைவிருக்கட்டும்: இந்தப் பயிற்சி முடித்தவர் தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலை எதையும் செய்யாவிட்டால், மறுபடி பயிற்சியோ தேர்வோ எழுத வேண்டும். விசா காரணமாக உடனே வேலைக்குப் போக முடியாதவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சேர வேண்டும். ஹெச்1பி விசாக்காரரின் துணைவருக்குக் கிடைக்கும் ஹெச்4 விசாவில் படிப்பதற்குத் தடையில்லை. சம்பளத்துக்கு வேலை செய்ய இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 மே 26 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு) ஒப்புதலாகியிருந்தால் மனைவி அதற்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவர் கட்டணமா உள்ளூர்க் கட்டணமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரண்டுக்கும் வித்தியாசம் பல மடங்கு. சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கிளினிக்கலைத் தாண்டிவிட்டீர்கள், நர்சிங்தான் வேண்டும் என்றால் அடுத்தது முன்தேவைப் பாடங்கள். அனாட்டமி-ஃபிசியாலஜி இரண்டு பகுதி, மைக்ரோபயாலஜி, வேதியியல், புள்ளியியல், உளவியல், ஆங்கிலம். வாஷிங்டனில் பாட எண்ணுக்கு முன்னால் ஆம்பர்சண்ட் குறி போட்டிருந்தால், அது எல்லா கம்யூனிட்டி காலேஜுக்கும் பொதுவான பாடம். ஒரு கல்லூரியில் படித்து இன்னொரு கல்லூரியின் நர்சிங்குக்கு விண்ணப்பிக்கலாம். இந்தச் சின்னக் குறியைப் பார்க்காமல் பாடம் எடுத்து, பிறகு செல்லாது என்று கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் படித்த மார்க் ஷீட்டை நேசஸ் (NACES) அமைப்பில் இருக்கும் நிறுவனம் ஒன்றில் கொடுத்துப் பாடம் பாடமாக மதிப்பீடு வாங்க வேண்டும். எனக்குப் புள்ளியியலும் ஆங்கிலமும் தேறின. மைக்ரோபயாலஜி? அதில்தான் எனக்கு எம்.எஸ்சி. பட்டமே. ஆனால் அறிவியல் பாடங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்தக் கல்லூரியின் விதி அது, இன்னொரு கல்லூரியில் வேறு மாதிரி. கோபம் வந்தது, அப்புறம் உட்கார்ந்து படித்தேன். தங்கப் பதக்கம் வாங்கிய பாடத்தில் கிராம் ஸ்டெயின் எப்படிச் செய்வது என்று பத்தொன்பது வயதுப் பையன் எனக்குக் காட்டிக்கொடுத்தான்.

அனாட்டமி பற்றி எச்சரிக்கிறேன். இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் செமஸ்டர் இல்லை, குவார்ட்டர். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் பத்துப் பதினோரு வாரத்தில் முடிந்துவிடும். அதோடு வேறு அறிவியல் பாடம் எதையும் சேர்த்து எடுக்காதீர்கள், சின்னக் குழந்தை இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். நர்சிங் இடம் கிடைப்பது மதிப்பெண்ணை வைத்து. ஒரு பி பிளஸ் போதும் உங்களை வரிசையில் பின்னால் தள்ள. பல கல்லூரிகள் டீஸ் என்ற நுழைவுத் தேர்வும் கேட்கும். 170 கேள்வி, 209 நிமிடம், கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும். நம்மவர்களுக்குக் கணக்கு சுலபம். ஆங்கிலப் பகுதியில்தான், குறிப்பாக நிறுத்தற்குறிகளில், மதிப்பெண் போகும். முன்னால் சொன்ன பி.எஸ்சி. கேள்விக்குப் பதில்: வாஷிங்டனில் டி.டி.ஏ. (பாடங்களைப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு) ஒப்பந்தத்தில் வரும் நர்சிங் பட்டம் எடுத்தால், பிறகு ஏறக்குறைய ஒரு வருடத்தில் அதை பி.எஸ்.என்., அதாவது பி.எஸ்சி. நர்சிங், ஆக்கிக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் முன் அந்தப் படிப்பு இந்த வகையா என்று பாருங்கள்.

நர்சிங் மட்டும்தானா என்றால் இல்லை. நம் பெண்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் அடிபடுவது மெடிக்கல் கோடிங், அதாவது நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை. வீட்டிலிருந்து செய்யலாம் என்ற ஆசைதான் காரணம். அதற்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வு நாலு மணி நேரம், 100 கேள்வி, புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். தேர்வாகிவிட்டாலும் அனுபவம் வரும் வரை பெயருக்குப் பின்னால் "ஏ" என்று அப்ரென்டிஸ் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த ஏ-யோடு முதல் வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. இங்குள்ள கோடிங் வேலையில் கணிசமான பங்கு சென்னைக்கே போகிறது என்பது நம்மை விட யாருக்குத் தெரியும்? ரத்தம் எடுக்கும் வேலையில் ஆர்வம் இருந்தால் அது நல்ல குறுகிய படிப்பு. ஆனால் கலிஃபோர்னியா, லூசியானா, நெவாடா, வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்களிலும் அதற்கு அரசு உரிமம் வேண்டும். வேறு மாநிலத்து ஆன்லைன் சான்றிதழை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கும் ரேடியாலஜி டெக்னாலஜிஸ்ட் ஆக, ஏஆர்ஆர்டி என்ற அமைப்பின் சான்றிதழ்த் தேர்வுக்கு 2015 முதல் குறைந்தது இரண்டு வருடப் பட்டம் கட்டாயம். சம்பளம் நன்றாக இருக்கும், இடங்கள் மிகக் குறைவு.

எந்தப் படிப்பானாலும் அங்கீகாரம் யாருடையது என்று பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தப் படிப்புக்கு இருப்பது வேறு. ரேடியாலஜிக்கு ஜேஆர்சிஇஆர்டி, டாக்டரின் கிளினிக்கில் உதவும் மெடிக்கல் அசிஸ்டண்டுக்கு சிஏஏஹெச்இபி அல்லது ஏபிஹெச்இஎஸ். லாபத்துக்கு நடக்கும் தனியார் தொழிற்கல்லூரிகள் தொலைக்காட்சியில் அழகாகச் சிரிக்கும். மெடிக்கல் அசிஸ்டண்ட் படிப்பை ஊரெங்கும் விற்ற கொரிந்தியன் காலேஜஸ் 2015இல் இழுத்து மூடப்பட்டது. அங்கே படித்த ஏறத்தாழ 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை 2022இல் அரசு தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. அவர்களின் வருஷங்களை யாரும் திருப்பித் தரவில்லை. கல்லூரியின் அறிமுகக் கூட்டத்தில் துணிந்து கேளுங்கள்: போன வருஷம் முதல் முயற்சியில் உரிமத் தேர்வு தேறியவர் எத்தனை சதவீதம்? கிளினிக்கல் இடத்தை நீங்கள் ஏற்பாடு செய்கிறீர்களா, நானே தேட வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு "நீங்களே" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் பற்றிக் கடைசியாக. கிரீன் கார்டு இருந்தால் ஃபாஃப்சா என்ற கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்புங்கள். பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகையின் உச்ச அளவு 2023-24 முதல் ஆண்டுக்கு 7,395 டாலர், திருப்பித் தர வேண்டியதில்லை. ஹெச்4 விசாக்காரருக்கு அது கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் எனக்கு உதவியது வேறொன்று. நர்சிங் அசிஸ்டண்ட் பயிற்சி முடித்து 12 மாதத்துக்குள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தால், பயிற்சிச் செலவை வேலை செய்யும் காலத்துக்கு ஏற்ப மாநிலம் திருப்பித் தர வேண்டும் என்று கூட்டாட்சி விதி இருக்கிறது. ரசீதைத் தூக்கிப் போடாதவர்களுக்கு மட்டும். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் ஊழியரின் படிப்புச் செலவைக் கொடுக்கும் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அதற்கு வருமான வரியும் இல்லை. 2023 கணக்கில் நர்சிங் அசிஸ்டண்டின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 38,000 டாலரை ஒட்டி, ஆர்.என்.னுக்கு 86,000ஐ ஒட்டி. அந்த இடைவெளியைக் கடக்க ஆகும் செலவில் ஒரு பகுதியை மருத்துவமனையே தரும் என்றால், கீழ்ப்படியில் நிற்பது கேவலமில்லை. நேர்முகத்தில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். எத்தனை மாதம் வேலை செய்தால் படிப்புச் செலவுக்குத் தகுதி வரும், பகுதி நேரத்துக்கும் உண்டா, படித்து முடித்தபின் எத்தனை வருஷம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற மூன்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் ஹெச்.ஆரில் பதில் வர ஒரு குவார்ட்டர் ஓடிவிடும்.